தெரிந்த சாமி, தெரியாத ஊர்



பள்ளி விடுமுறை நெருங்கினால் தோட்டத்தில் ஒரு பேச்சு கிளம்பிவிடும்: "இந்த வருசம் எங்கே போகலாம்?" முன்பெல்லாம் பினாங்கு, கேமரன் மலை, பத்துமலை என்று முடிந்துவிடும். இப்போது நாலைந்து குடும்பங்கள் ஒன்றாகக் கூட்டுச் சீட்டுப் போட்டு, எல்லை தாண்டியும் போய் வருகின்றன. அப்படிப் போகிறவர்களில் பலர் தேர்ந்தெடுக்கும் ஊர் பாங்காக். பக்கத்து நாட்டின் தலைநகரம், ரயிலிலேயே போய்விடலாம், செலவும் கட்டுபடியாகும்.

போய்வந்தவர்கள் சொல்லும் கதை பெரும்பாலும் இரண்டு விதம். ஒரு சாரார், "எல்லாம் நம்ம சாமிதான், எல்லாம் நம்மகிட்ட இருந்து போனதுதான்" என்று மார்தட்டுவார்கள். மறு சாரார், "ஐயோ, அனுமாருக்கே கல்யாணம் பண்ணி வைத்துவிட்டார்கள், என்ன ஊர் இது!" என்று சிரிப்பார்கள். முற்றிலும் அந்நியமான ஊரில் நமக்கு இத்தனை அதிர்ச்சி வராது. தெரிந்த முகம் தெரியாத உடையில் எதிரே வந்து நிற்கும்போதுதான் மனம் திடுக்கிடுகிறது. அந்தத் திடுக்கிடலைப் பற்றியே இந்த மாதம் எழுதுகிறேன்.

சென்ற விடுமுறையில் எங்கள் தோட்டத்திலிருந்து பதினான்கு பேர் போனோம். அவர்களில் மூத்தவர் எண்பத்து நான்கு வயதுப் பாட்டி ஒருவர். "இந்த வயசுல எதுக்கு அலைச்சல்?" என்று பிள்ளைகள் தடுத்தார்கள். பாட்டி என்னிடம் வந்து, "வாத்தியாரே, சயாமுன்னு சொன்னாலே எங்கம்மா வாயைப் பொத்திக்குவா. எங்கப்பா போன ஊரு அது. ஒரு தடவ கண்ணால பார்த்துட்டு வந்துடறேனே" என்றார். அதற்குமேல் யாரும் தடுக்கவில்லை.

பாடாங் பெசார் நிலையத்திலேயே இரு நாட்டுக் குடிநுழைவுச் சோதனையும் முடிந்துவிடுகிறது. கடப்பிதழில் முத்திரை வாங்கியதும் கைக்கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவைக்க வேண்டும். மாலையில் ஏறினால் இரவெல்லாம் படுக்கை வசதியோடு பயணம். ஏறத்தாழ ஆயிரம் கிலோமீட்டர். 2023 சனவரி முதல் தூரப் பயண வண்டிகள் பழைய ஹுவாலம்போங் நிலையத்துக்குப் போவதில்லை. குருங் தேப் அபிவாட் என்னும் புதிய பெரிய நிலையத்தில் இறக்கிவிடுகின்றன.

விடிந்து, பாங்காக்கை நெருங்கும் நேரத்தில் இரண்டு சிறிய நிலையங்கள் வரும். ஒன்று பான் போங். அடுத்தது நோங் பிளாடுக். சுற்றுலாக்காரர்களுக்கு இவை வெறும் பெயர்ப்பலகைகள். நமக்கு அப்படியல்ல. பர்மாவை நோக்கி 415 கிலோமீட்டர் நீளத்துக்கு ஜப்பானியர் போட்ட சயாம் மரண ரயில் பாதை நோங் பிளாடுக்கில்தான் தொடங்கியது. 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தார்கள். மலாயாவிலிருந்து மட்டும் எழுபதாயிரத்துக்கும் அதிகமானவர்கள் கொண்டுபோகப்பட்டதாகக் கணக்குச் சொல்கிறார்கள். அவர்களில் பெரும்பகுதியினர் தோட்டத் தமிழர்கள். சரக்குப் பெட்டிகளில் அடைத்து, நாங்கள் படுத்துத் தூங்கி வந்த இதே பாதையில்தான் கொண்டுவந்தார்கள்.

பெயர்ப்பலகை சன்னலோரம் கடந்தபோது பாட்டியிடம் காட்டினேன். "இங்கதானா?" என்று மட்டும் கேட்டார். பிறகு வெகுநேரம் வயல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இனி நகரத்துக்குள் வருவோம்.

முதல் திகைப்பு காலை எட்டு மணிக்கு. ஒலிபெருக்கியில் நாட்டுப்பண் கேட்கிறது. நிலையத்திலும் பூங்காவிலும் போய்க்கொண்டிருந்த கூட்டம் அப்படியே நின்றுவிடுகிறது. பண் முடிந்ததும் எதுவுமே நடக்காததுபோல் மறுபடி நடக்கிறது. மாலை ஆறு மணிக்கும் இப்படியே. எங்கள் பிள்ளைகள் முதலில் சிரித்தார்கள். சுற்றிலும் பார்த்துவிட்டு அவர்களும் கையை ஒட்டி நின்றார்கள். பள்ளியில் திங்கட்கிழமைச் சபைகூடலில் நான் தொண்டை கிழியக் கத்தியும் கிடைக்காத ஒழுங்கு அது.

நாள்காட்டியைப் பார்த்தால் அடுத்த திகைப்பு. அங்கே புத்தர் ஆண்டுக் கணக்கு. நமக்கு 2025 என்றால் அவர்களுக்கு 2568. ஐந்நூற்று நாற்பத்து மூன்றைக் கூட்டிக்கொள்ள வேண்டும். பிள்ளைகளுக்கு நல்ல மனக்கணக்கு!

மூன்றாவது, தலையும் காலும். நம் வழக்கத்தில் பெரியவர்கள் தலையில் கை வைத்து ஆசி கூறுவார்கள். அங்கே தலை உடம்பின் மிக உயர்ந்த இடம். பிறர் அதைத் தொடக் கூடாது. எங்களோடு வந்த ஓர் அம்மா, படகுத்துறையில் கொழுகொழுவென்றிருந்த குழந்தையின் தலையை ஆசையோடு தடவப் போனார். வழிகாட்டிப் பெண் மெதுவாக அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "கன்னத்தைப் பார்த்துச் சிரியுங்கள் அம்மா, போதும்" என்றார். கால் மிகத் தாழ்ந்த இடம். புத்தர் சிலைக்கு எதிரே கால் நீட்டி உட்காரக் கூடாது. காலால் எதையும் சுட்டவும் கூடாது. காற்றில் பறக்கும் பண நோட்டைக்கூட மிதித்து நிறுத்தக் கூடாது, ஏனெனில் அதில் மன்னரின் படம் இருக்கிறது. மன்னரை அவமதித்தால் ஒரு குற்றத்துக்கு மூன்று முதல் பதினைந்து ஆண்டு வரை சிறை என்பது அந்நாட்டுச் சட்டம். புத்தகத்தில் கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் நம் பிள்ளைகளுக்கு இது புரியாத பாடமல்ல.

காவியுடைத் துறவிகளைப் பெண்கள் தொடக் கூடாது. கையிலிருந்து கைக்கு எதையும் கொடுக்கவும் கூடாது. பெண் எதையாவது காணிக்கை கொடுத்தால் துறவி ஒரு துணியை விரித்து அதன்மேல் வாங்கிக்கொள்வார். இத்தனை கட்டுப்பாடான துறவி மீனும் இறைச்சியும் சாப்பிடுவதைக் கண்டு எங்கள் கூட்டத்தில் பலருக்கு மனம் ஒப்பவில்லை. காரணம் இதுதான்: பிச்சைப் பாத்திரத்தில் விழுந்ததை, இது பிடிக்கும் அது பிடிக்காது என்று சொல்லாமல் உண்பது அவர்கள் நெறி. தமக்கென்றே கொல்லப்பட்டதை மட்டும் ஏற்க மாட்டார்கள். நாம் சைவத்தில் துறவைப் பார்க்கிறோம். அவர்கள் விருப்பு வெறுப்பை விடுவதில் பார்க்கிறார்கள்.

அரண்மனையை ஒட்டிய மரகத புத்தர் கோயிலுக்கு வருவோம். முழங்கால் தெரியும் சிலுவாரோ கையில்லாத சட்டையோ போட்டவர்களை உள்ளே விட மாட்டார்கள். மரகத புத்தர் அறுபத்தாறு சென்டிமீட்டர் உயரமே உள்ள சிறிய சிலை. வெயில், மழை, குளிர் என்று ஆண்டுக்கு மூன்று முறை அதற்கு உடை மாற்றுகிறார்கள். மாற்றுபவர் மன்னர். சுற்றுப் பிராகாரச் சுவரில் 178 பகுதிகளாக ராமாயணம் தீட்டப்பட்டிருக்கிறது. அவர்கள் அதை ராமாகியன் என்கிறார்கள்.

இங்கேதான் எங்கள் கூட்டத்தில் சலசலப்பு. அந்தக் கதையில் அனுமார் பிரம்மச்சாரி அல்லர். கடலில் பாலம் கட்டும்போது அதைக் கலைக்க வந்த மீன்கன்னியையே மணந்து பிள்ளையும் பெறுகிறார். சீதை யார் தெரியுமா? இராவணனின் சொந்த மகள்! குலத்துக்கு ஆகாது என்று சோதிடர் சொன்னதால் ஆற்றில் விடப்பட்ட குழந்தை. தன் மகள் என்று அறியாமலே இராவணன் அவளைத் தூக்கிப் போகிறான். அந்த இராவணன் கோயில் வாசலில் பச்சை நிற அரக்கனாகக் கதையோடு நின்று காவல் காக்கிறான்.

"கதையையே கெடுத்துவிட்டார்களே!" என்றார் எங்களில் ஒருவர். பொறுங்கள். வால்மீகியில் இராவணன் சீதையைப் பிடித்துத் தூக்கிப் போகிறான். நம் கம்பருக்கு அது பொறுக்கவில்லை. சீதையைத் தொடாமல், குடில் இருந்த நிலத்தோடு பெயர்த்துப் போனதாக மாற்றினார். மலாய் மொழியின் ஹிகாயாட் ஸ்ரீ ராமாவிலும் சீதை இராவணன் மகள்தான். ஆக, கதை போன ஊரிலெல்லாம் அந்தந்த ஊர் உடை உடுத்தியிருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவர்களுடைய பழைய தலைநகரின் பெயர் அயுத்தயா, அதாவது அயோத்தி. 1767இல் பர்மியப் படை அதை எரித்தபோது ராமாகியன் ஏடுகளில் பெரும்பகுதி அழிந்துவிட்டது. 1782இல் பாங்காக்கைத் தலைநகராக்கிய முதலாம் ராமா மன்னர், அழிந்த கதையை 1797இல் மறுபடி முழுதாக எழுதவைத்தார். சாம்பலிலிருந்து எடுத்துக் காப்பாற்றியவர்களைப் பார்த்து, கெடுத்துவிட்டாய் என்று சொல்ல நமக்கு வாய் வருமா?

நகரத்தில் எங்கு திரும்பினாலும் வீட்டு முற்றத்தில், கடை வாசலில், வங்கியின் முன்புகூட ஒற்றைத் தூணின்மேல் சின்னஞ்சிறு வீடு ஒன்று நிற்கிறது. அதன் முன் பூமாலை, ஊதுவத்தி, உறிஞ்சுகுழல் செருகிய சிவப்புக் குளிர்பானம். "சாமி சோடா குடிக்குமா?" என்று பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். வழிகாட்டி விளக்கினார்: மண்ணுக்குச் சொந்தக்காரரான காவல் தெய்வம் ஒன்று உண்டு, அதன் இடத்தில் நாம் கட்டடம் எழுப்பினால் அதற்கும் ஒரு வீடு கொடுக்க வேண்டும் அல்லவா? சிரித்த பிள்ளைகளிடம் நான் ஒன்றே கேட்டேன்: "நம் தோட்டத்து எல்லை முனியாண்டிக்குச் சுருட்டு வைப்பது யார்?" சிரிப்பு நின்றது.

ராச்சபிரசோங் நாற்சந்தியில் நான்முகன் சந்நிதி இருக்கிறது. ஒரு விடுதி கட்டும்போது இடையூறுகள் தொடர்ந்ததால், சோதிடர் சொற்படி 1956இல் அமைத்தது. நம் ஊர்களில் பிரம்மாவுக்குத் தனிக்கோயில் மிக அரிது. அங்கே ஓயாத கூட்டம். வேண்டுதல் பலித்தவர்கள் பணம் கட்டி, நடனப் பெண்களை ஆடவைத்து நன்றி செலுத்துகிறார்கள். 2015 ஆகஸ்டில் அங்கே குண்டு வெடித்து இருபது பேர் மாண்டார்கள். இரண்டே நாளில் மறுபடி திறந்து வழிபட்டார்கள். கொஞ்ச தூரத்தில் திரிமூர்த்தி சந்நிதி. வியாழக்கிழமை இரவில் வாலிபர்களும் கன்னிப் பெண்களும் சிவப்பு ரோசாவோடு வந்து, நல்ல துணை கிடைக்க வேண்டுமென்று மண்டியிடுகிறார்கள். நமக்குப் புதுமை. ஆனால் திருமணத் தடை நீங்க நாம் சுற்றாத கோயிலா?

வாத்தியார் என்ற முறையில் என்னை மிகவும் உலுக்கியது ராட்சத ஊஞ்சல். 1784இல் நிறுவப்பட்ட, சிவப்புச் சாயம் பூசிய, மிக உயரமான இரண்டு தேக்குத் தூண்கள். இப்போது நிற்பவை 2007இல் புதுப்பித்தவை. அதில் ஊஞ்சலாடும் விழா 1935இல் நின்றுவிட்டது. ஆனால் எதிரே உள்ள தேவஸ்தானத்தில் அரசவைப் பிராமணர்கள் ஆண்டுதோறும் ஒரு சடங்கு செய்கிறார்கள். அதன் பெயர் திரியம்பவாய், திரிபவாய். உரக்கச் சொல்லிப் பாருங்கள். திருவெம்பாவை, திருப்பாவை! மார்கழிக் காலையில் நம் தோட்டத்துக் கோயிலில் பனியில் நடுங்கிக்கொண்டு பிள்ளைகள் பாடுவது. தென்னாட்டிலிருந்து எத்தனையோ தலைமுறைக்கு முன் போனவர்களின் வழிவந்தவர்கள் அதை இன்றும் ஓதுகிறார்கள். மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்தியவியல் பேராசிரியராக இருந்த தனிநாயகம் அடிகளார் இதைப் பற்றி எழுதியிருக்கிறார்.

ஆனால் ஓதுகிறவர்களுக்குத் தமிழ் தெரியாது. பொருள் கரைந்துவிட்டது; ஓசை மட்டும் நிற்கிறது. இதை நினைத்து முதலில் பரிதாபப்பட்டேன். பிறகு எங்கள் தோட்டத்துப் பிள்ளைகளில் சிலர் தேவாரத்தை ரோமன் எழுத்தில் எழுதிவைத்துப் பாடுவது நினைவுக்கு வந்தது. அங்கே பொருள் கரையப் பல நூற்றாண்டுகள் ஆயின. இங்கே இரண்டு தலைமுறை போதும்போல் இருக்கிறதே!

கடைசியாகச் சீலோம் சாலை மாரியம்மன் கோயில். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே குடியேறிய தமிழர்கள் கட்டியது. கோபுரத்தைக் கண்டதும் எங்கள் பெண்களுக்கு ஊருக்கே வந்துவிட்டதுபோல் மகிழ்ச்சி. உள்ளே போனால் கும்பிடுகிறவர்களில் பெரும்பாலோர் தாய்லாந்துக்காரர்கள்! தேங்காய், பழம், பூத் தட்டோடு மண்டியிட்டு, கைகூப்பி, அசையாமல் இருக்கிறார்கள். நவராத்திரி முடிவில் அம்மன் ஊர்வலம் வரும்போது சீலோம் சாலையையே அடைத்துவிடுவார்களாம். அந்தக் கோயிலை அவ்வூர் மக்கள் வாட் கேக் என்கிறார்கள். கேக் என்றால் விருந்தாளி. நம்மைப் போன்றவர்களுக்கு அவர்கள் வைத்த பெயர் அது. "நூறு வருசத்துக்கு மேல ஆகியுமா விருந்தாளி?" என்று ஒருவர் கேட்டார். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பது நம் பழமொழி. நாலாம் நாளும் விருந்தாளியாகவே இருப்பதன் பொருள் தோட்டத்து மக்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

அங்கேதான் பாட்டி விளக்கேற்றக் கேட்டார். அர்ச்சகர் தமிழில், "யாருக்கம்மா?" என்றார்.

"எங்கப்பாவுக்கு, சாமி. சயாம் ரயிலு ரோட்டுக்குப் போனவரு. வரலே."

"திதி தெரியுமா?"

"திதி தெரியாது. நாளும் தெரியாது. எந்த எடமுன்னும் தெரியாது. பேரு மட்டும் தெரியும்."

"பேர் தெரிகிறதே, அது போதும்மா" என்றார் அர்ச்சகர்.

பாட்டி தகப்பனார் பெயரைச் சொன்னார். விளக்கு எரிந்தது. அவருக்கு உட்கார இடம் வேண்டுமென்று பக்கத்திலிருந்த இரண்டு தாய்லாந்துப் பெண்கள் நகர்ந்து வழிவிட்டார்கள். என்ன வேண்டுதல் என்று அவர்களுக்குத் தெரியாது. வயதானவர் அழுகிறார் என்பது தெரிந்தது.

பாங்காக்கிலிருந்து காஞ்சனபுரி மேற்கே இரண்டு மூன்று மணி நேரப் பயணம். அங்கே போரில் பிடிபட்ட வெள்ளைக்கார வீரர்கள் ஏறத்தாழ ஏழாயிரம் பேருக்குப் புல் வெட்டி, பூச்செடி வைத்துப் பராமரிக்கும் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. பெரும்பாலான கல்லில் பெயர், வயது, படைப்பிரிவு. நம்மவர்கள் அவர்களைவிடப் பல மடங்கு அதிகமாக மாண்டார்கள். ஆளுக்கொரு கல்லும் இல்லை, பெயரும் இல்லை. அவர்களுக்குப் படைப்பதிவேடு இருந்தது. நம்மவர்களுக்கு இருந்தது வீட்டாரின் நினைவு மட்டுமே.

எனவே, அன்பர்களே, பாங்காக் போவதென்றால் தாராளமாகப் போங்கள். தோள், முழங்கால் மறையும் உடை எடுத்துக்கொள்ளுங்கள். எளிதாகக் கழற்றும் சப்பாத்துப் போடுங்கள். கைகூப்பத் தயங்காதீர்கள், அது நமக்கும் தெரிந்த வணக்கம்தான். சைவம் வேண்டுவோர் மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்துப் போட்ட கடையைப் பார்த்து நுழையுங்கள். விசித்திரமாக ஏதாவது கண்டால், சிரிப்பதற்கு முன் "ஏன் இப்படி?" என்று ஒரு தரம் கேளுங்கள். தைப்பூசத்தில் அலகு குத்திக் காவடி எடுக்கும் நம்மைப் பார்த்து மற்றவர்கள் அப்படிக் கேட்க வேண்டும் என்றுதானே நாமும் விரும்புகிறோம்?

"எல்லாம் நம்மிடமிருந்து போனது" என்ற பெருமையைக் கொஞ்சம் ஒதுக்கிவையுங்கள். போனது உண்மை. ஆனால் போனதைப் போற்றி, எரிந்ததைத் திரும்ப எழுதி, பொருள் தெரியாத பாட்டைக்கூட விடாமல் ஓதி வைத்திருப்பவர்கள் அவர்கள். கொடுத்தவன் என்று சொல்லிக்கொள்கிறவன் தன் வீட்டில் என்ன மிச்சம் வைத்திருக்கிறான் என்று பார்க்க வேண்டாமா?

இந்த மாதம் வீட்டுப்பாடம் பெற்றோருக்குத்தான். மார்கழியில் பிள்ளை பாடும் பாட்டில் ஒன்றை எடுத்து, அதன் பொருளைத் தமிழில் சொல்லிக் கொடுங்கள். உங்களுக்குத் தெரியாவிட்டால் பள்ளிக்கு வாருங்கள், நாங்கள் இருக்கிறோம். உங்கள் குடும்பத்தில் யாராவது சயாமுக்குப் போயிருந்தால், இருக்கிற பெரியவர்களிடம் இன்றைக்கே கேளுங்கள். பெயர், தகப்பனார் பெயர், எந்தத் தோட்டம், எந்த வருடம், திரும்பி வந்தாரா இல்லையா. கிடைத்ததை ஒரு நோட்டுப் புத்தகத்தில் பிள்ளையின் கையால், தமிழில் எழுதச் சொல்லுங்கள். பெயர் ஒன்று மட்டுமே கிடைத்தாலும் எழுதுங்கள். அது போதும்.